கண்டி மைதானத்தில் மைக்செட் மாமா

இலுப்பூர் வட்டாரத்து ஜனங்களுக்கு வெட்கத்தைப் பங்குபோட்டுக் கொடுத்த அன்றைக்கு மைக்செட் மாமா வெளியூர் போயிருந்திருக்க வேண்டும். அவருடைய பங்கையும் சேர்த்து என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார்; பஸ்ஸில் 'இறங்கணும்' என்று சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி வெயிலில் நடந்து வந்த ஆள். அவரோ, ஓடுகிற பஸ்ஸை ரோட்டில் நின்றபடி ஒரே சத்தத்தில் நிறுத்தி, டிரைவரிடம் மணி கேட்டுவிட்டு அனுப்பிவைப்பவர்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். ஊரில் யாருக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சவுண்ட் சர்வீஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் அவர் குழாய் ஸ்பீக்கர்தான். தை பிறந்துவிட்டால் போதும், சுற்றுவட்டாரத்து ஜல்லிக்கட்டு மேடைகளில் மைக்கைப் பிடித்து நிற்பார். வாடிவாசலில் காளை வருவதற்கு முன்னால் இவர் குரல் வந்துவிடும். யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் எல்லோருக்கும் மாமா. அவருக்கு ஊரில் உள்ள ஆம்பளை எல்லாம் மாப்ள.

என் நண்பன் கல்யாணத்தில் நான் மாப்பிள்ளைத் தோழனாக மேடையில் நின்றுகொண்டிருந்தேன். நாதஸ்வரம் நின்ற ஒரு நொடியில் குழாய் அலறியது. "மாப்பிள்ளைத் தோழன் கம்ப்யூட்டர் சார் கவனத்துக்கு! வேட்டி பின்னாடி அவுந்து கெடக்கு, ஒடனே கவனிக்கவும்!" மண்டபமே என் பின்பக்கத்தைக் கவனித்தது. அப்புறம் நான் எந்தக் கல்யாணத்துக்கும் வேட்டி கட்டிக்கொண்டு போனதில்லை. மாமாவிடம் கேட்டதற்கு, "நல்லதுக்குத்தானே மாப்ள சொன்னேன்" என்றார், அதையும் மைக்கில்.

இப்படிப்பட்டவரோடு நான் வெளிநாடு போக நேர்ந்தது ரக்பியால்.

எங்கள் ஊரில் ரக்பியா என்று கேட்காதீர்கள். ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்த ஒருவர், நாங்கள் பட்டாளத்தார் என்போம், வற்றிய கண்மாயில் பயல்களைச் சேர்த்து இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தார். முட்டை மாதிரி ஒரு பந்து. அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, எதிராளியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் புள்ளி. பந்து வைத்திருப்பவனைக் கட்டிப்பிடித்து வீழ்த்தலாம். வீழ்த்தியபின் விட்டுவிட வேண்டும். பக்கத்துக்கு ஏழு பேர். எங்கள் பயல்கள் பிறவியிலேயே எதையாவது துரத்திப் பிடிக்கிறவர்கள் என்பதால் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து, மூன்று ஆட்டம் ஆடிவிட்டுப் போங்கள் என்று அழைப்பும் வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பட்டாளத்தார் மோட்டார் பம்ப் தொட்டியில் வழுக்கி விழுந்து காலில் பிளேட் வைத்துக்கொண்டார். மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்துப் பன்னிரண்டு பயல்கள்; அவர்களோடு இரண்டு பெரியவர்கள் போயாக வேண்டும். ஊர்ப் பெரியவர்களில் பாஸ்போர்ட் இருந்தது இரண்டே பேரிடம். ஒன்று நான். வளைகுடா வேலைக்காக எடுத்துவிட்டு, இன்டர்வியூவில் பேச வெட்கப்பட்டுப் போகாமல் விட்டவன். இன்னொன்று, ஒரு காலத்தில் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்த மைக்செட் மாமா.

மாமா ஒரு சாயந்தரம் கண்மாய்க் கரையில் நின்று ஆட்டத்தைப் பார்த்தார். "இது நம்ம வெளையாட்டுதான் மாப்ள! மாட்டுக்குப் பதிலா மனுசன். கொம்பு கெடையாது, அம்புட்டுதான்" என்றார். மறுநாளே பயிற்சியாளர் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். எனக்கு ரக்பியும் தெரியாது, வேண்டாம் என்று சொல்லவும் தெரியாது.

ஜல்லிக்கட்டில் ஒரு சட்டம் உண்டு. ஒரு மாட்டை ஒருத்தன்தான் திமிலைக் கட்டி அணைய வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து தொங்கினால் பிடிமாடு செல்லாது, பரிசும் கிடையாது. மேடையில் இருந்து மாமா ஆயுள் முழுக்கக் கத்திய வாசகமே "ஒத்த ஆளு! ஒத்த ஆளு! ரெண்டாவது ஆளு கைய எடு!" என்பதுதான். கண்மாயிலும் அதையே கத்தினார். ஒருவன் பிடித்தால் மற்ற ஆறு பேரும் விலகி நிற்பார்கள். பிடித்தவன் விடவே மாட்டான். கோட்டைத் தாண்டி ஓடுகிறவன் பந்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவான், மாமா கரையிலிருந்து "ஒரு பீரோ! ஒரு சைக்கிளு!" என்று இல்லாத பரிசுகளை அறிவிப்பார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கிளம்புகிற அன்று காலையில் பஸ் ஸ்டாண்டில் குழாய் கட்டிவிட்டார். நான் புளியமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"நம்ம இலுப்பூர்ப் பயலுக கண்டிக்குப் போறாய்ங்க! செயிச்சுட்டுத்தான் வருவாய்ங்க! ஒரு மேட்ச்சாவது செயிக்காம வந்தா, இந்த மைக்கை நான் கையால தொடமாட்டேன்! மாரியாத்தா மேல சத்தியம்!"

கூட்டம் கைதட்டியது. பொங்கலுக்கு அதிக நாள் இல்லை. ஜல்லிக்கட்டு மேடைகளெல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. மைக் இல்லாத மாமாவை அவர் சம்சாரமே அடையாளம் கண்டுகொள்ள மாட்டார். எதற்கு மாமா இந்தச் சத்தியம் என்று கேட்டேன். "தோத்தாத்தானே மாப்ள?" என்றார்.

திருச்சி விமான நிலையத்தில் அவர் பையிலிருந்து கை மைக் ஒன்று வெளியே வந்தது. பேட்டரியில் ஓடுகிற, ஊர்வலத்தில் பிடிப்பார்களே, அது. "இது என்ன?" என்றார் சோதனை அதிகாரி. "இது என் வாயிங்க" என்றார் மாமா. அதோடு நிற்காமல் இயக்கியும் காட்டினார். வரிசையில் இருந்த குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தன. நான் முன்னால் நின்ற ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு, அவர்கள் வீட்டு மருமகன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

விமானத்தில் பணிப்பெண் பெல்ட் போடுவதைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றார். "பயலுகளா, அந்தத் தங்கச்சி என்ன சொல்லுதுன்னா, பெல்ட்ட இழுத்து மாட்டிக்கங்க! எவனும் சன்னல்ல கைய நீட்டாதீங்க! படியில யாரும் நிக்கக்கூடாது!" பயணிகள் கைதட்டினார்கள். பணிப்பெண் என்னைப் பார்த்து, "சார், அவர் உங்களோடு வந்தவரா?" என்றார். எதிரே செருகியிருந்த அட்டையை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். கொழும்பு வரும்வரை இறக்கவில்லை.

கண்டியில் மைதானத்தைச் சுற்றிலும் மலை. முதல் ஆட்டம் பார்க்க ஊரே வந்திருந்தது. எங்களை அழைத்திருந்த விளையாட்டு ஆசிரியர் சிவபாலன், மலையகத் தமிழர், ரொம்ப மரியாதையான மனிதர். என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து வெறுந்தேநீர் கொடுத்தார். எனக்கு அந்தப் பக்கம் கை மைக்கோடு மாமா.

விசில் ஊதினார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து செம்பட்டைத் தலையோடு ஒரு பையன் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். எங்கள் கேப்டன் பூபதி பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டான். மாமா துள்ளி எழுந்தார்.

"செவலை மாட்டைப் புடிச்சாச்சு! பூபதி புடிச்சாச்சு! ஒத்த ஆளு, ஒத்த ஆளு! ரெண்டாவது ஆளு கைய எடு!"

மற்ற ஆறு பேரும் ஒழுக்கமாக விலகி நின்றார்கள். செம்பட்டைப் பையன் பந்தைப் பக்கத்தில் வந்தவனிடம் கொடுத்தான். அவன் நடந்துபோய் வைத்தான். பூபதி அதற்கு அப்புறமும் விடவில்லை. நடுவர் விசில் ஊதி, தோளைத் தட்டி, கடைசியில் விரல் விரலாகப் பிரித்தெடுத்தார். பூபதி மூச்சு வாங்க, "சார், கீழ விழாமத் தொங்கிருக்கேன், எழுதிக்கங்க" என்றான். நடுவர் அவனுக்கு மஞ்சள் அட்டை காட்டினார். மாமா அதைப் பரிசுச் சீட்டு என்று நினைத்து, "பூபதிக்கு ஒரு குக்கரு!" என்று அறிவித்தார்.

அப்புறம் அதே கதைதான் திரும்பத் திரும்ப. ஒருவன் தொங்குவான், ஆறு பேர் வேடிக்கை பார்ப்பார்கள், அவர்கள் புள்ளி எடுப்பார்கள். புள்ளிப் பலகை எழுதுகிறவருக்குச் சாக்பீஸ் தீர்ந்துபோனது. "செவலை திமிருது பாரு! கொழுப்பெடுத்த மாடு! வீட்டுல நல்லாத் தீனி போட்டு வளத்திருக்காய்ங்க!" என்று மாமா கத்திக்கொண்டே இருந்தார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். இவர்களுக்குத் தமிழ் எங்கே புரியப்போகிறது, சும்மா சத்தத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். பாதிப் பேருக்குத் தாய்மொழியே தமிழ் என்பது அப்போது தோன்றவில்லை.

சிவபாலன் சார் என் பக்கம் சாய்ந்து, அவர்கள் ஊர் வழக்கப்படி 'சாரை'ச் 'சேர்' ஆக்கி, மெதுவாகச் சொன்னார். "சேர், அந்தச் செவலை நம்ம மகன்தான்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தேநீர் கிளாஸுக்குள் குதிக்க இடமிருந்தால் குதித்திருப்பேன். மாமா எட்டிப் பார்த்து, "அப்படியாங்க! நல்ல சாதி மாடுங்க! தீனிக்கு என்ன போடுறீங்க?" என்றார். அந்த மனிதர் சிரித்துவிட்டு, "சோறுதான் சேர்" என்றார்.

இரண்டாவது ஆட்டம் முதல் ஆட்டத்தைப் பார்த்து எழுதிய காப்பி. எங்களுக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

அன்று சாயந்தரம் சாப்பாட்டு மேசையில் பயல்கள் தலையைக் குனிந்து சோறு பிசைந்துகொண்டிருந்தார்கள். சிவபாலன் சார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "கோவிச்சுக்காதீங்க சேர். ஒங்க பிள்ளைங்க நல்லா ஓடுறாங்க, நல்லாப் புடிக்கிறாங்க. ஆனா ஒருத்தன் புடிச்சதும் மத்தவங்க ஏன் தள்ளி நிக்கிறாங்க?"

பூபதி நிமிர்ந்து பார்த்தான். இதைக்கூடத் தெரியாமல் ஒருவர் விளையாட்டு ஆசிரியராக இருக்கிறாரே என்கிற பரிதாபம் அவன் முகத்தில் இருந்தது. "ரெண்டு பேரு புடிச்சா செல்லாதுல்ல சார்?"

"யாரு அப்படிச் சொன்னது?"

பன்னிரண்டு பயல்களும் மாமாவைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று முடிவெடுத்த மாதிரி அவரவர் தட்டைப் பார்த்தார்கள். காட்டிக்கொடுக்காத பயல்கள். அதுதான் அவரை வெட்டிப்போட்டது என்று நினைக்கிறேன்.

மாமா கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது. வெட்கத்தில் நான் பழம் தின்று கொட்டை போட்டவன், பார்த்த உடனே தெரியும். அந்த மனிதருக்கு ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாக வெட்கம் வந்திருக்கிறது. சின்ன வயதில் வராத அம்மை பெரிய ஆளுக்கு வந்தால் எப்படி வாட்டும், அப்படி வாட்டியது. எழுந்துபோய்க் கை கழுவினார். திரும்பி வந்து கை மைக்கின் பேட்டரியைக் கழற்றி, மைக்கைப் பைக்குள் அடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினார்.

"மாமா..." என்றேன்.

"ஒண்ணுமில்ல மாப்ள" என்றார். பக்கத்திலிருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அந்த வெட்கத்தைப் பார்த்து எனக்கு வந்த வெட்கம் இருக்கிறதே, வேட்டி அவிழ்ந்த அன்றைக்குக்கூட அவ்வளவு வரவில்லை.

மூன்றாவது ஆட்டம். இதையாவது ஜெயிக்காவிட்டால் ஊரில் மைக் போச்சு. மாமா துண்டை வாயில் வைத்துக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். பயல்களுக்கு இப்போது சட்டம் தெரியும். எத்தனை பேர் வேண்டுமானாலும் பிடிக்கலாம். அதனால் ஏழு பேரும் சேர்ந்து ஒருவனையே பிடித்தார்கள். மிச்ச மைதானம் காலி. சாக்பீஸ்காரர் புதுப் பெட்டி உடைத்தார்.

முடிய ஒரு நிமிடமோ என்னவோ இருந்தது. அவர்கள் வீசிய பந்து ஒன்று தவறிப் பூபதி கையில் வந்து விழுந்தது. பயல் ஓடினான் பாருங்கள்! எல்லோரையும் தாண்டினான், கோட்டையும் தாண்டினான். தாண்டியவன், கண்மாயில் செய்தபடியே நின்றான். பந்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, எங்களைப் பார்த்துச் சிரித்தான். பீரோவா, சைக்கிளா என்று காத்துக்கொண்டிருந்தான்.

பின்னால் செவலை ஓடி வந்துகொண்டிருந்தான். சிவபாலன் சாரே பதறி எழுந்துவிட்டார். "சேர், தரையில வைக்கச் சொல்லுங்க! வச்சாத்தான் புள்ளி!"

நான் எழுந்தேன். வாயைத் திறந்தேன். "வை..." என்று காற்றுதான் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"மாமா, கத்துங்க!"

"வேணாம் மாப்ள. என் வாயாலதான் இம்புட்டும் ஆச்சு."

"ஆனது ஆகட்டும்! கத்துங்க மாமா!"

என்னை ஒரு நொடி பார்த்தார். துண்டைத் துப்பினார்.

"பூபதீ...! மண்ணுல வைடா...!"

மைக் கிடையாது. மலையில் பட்டு அது இரண்டுதரம் திரும்பி வந்தது. நடுவர் வாயிலிருந்து விசில் விழுந்தது. எதிரணியில் தமிழ் தெரிந்த இரண்டு பேர் சட்டென்று குனிந்து தரையைத் தொட்டார்கள். பூபதி பந்தோடு மண்ணில் விழுந்து படுத்தே விட்டான். எங்கள் முதல் புள்ளி. அதுவே கடைசியும். ஆனால் பயல்கள் குதித்த குதியைப் பார்த்து, ஜெயித்தது யார் என்று எதிரணிக்கே சந்தேகம் வந்து பலகையைப் போய்ப் பார்த்தார்கள். மாமா மட்டும் குதிக்கவில்லை. மூன்றும் தோல்வி. சத்தியம் சத்தியம்தானே.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் பேசவில்லை. பணிப்பெண் பெல்ட் போடச் சொன்னபோதுகூட எழவில்லை. நான்தான் பயல்களுக்கு மெதுவாக எடுத்துச் சொன்னேன்.

இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் காத்திருந்தது. குழாய் கட்டி, மைக்கும் ஸ்டாண்டில் தயாராக நின்றது. மாமா நேரே போய் மைக்கை எடுத்தார்.

"மூணு மேட்ச்சும் தோத்துட்டோமுங்க. பயலுக மேல தப்பே இல்ல. ஒத்த ஆளுதான் புடிக்கணும்னு நான் தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன். போன எடத்துல பெரிய மனுசரோட மகனை மாடுன்னு சொன்னேன். கூட வந்த கம்ப்யூட்டர் சாரு என்னால தலை நிமிந்து நடக்கல. எல்லாத்துக்கும் மன்னிச்சுக்கங்க. சொன்ன சொல்லுப்படி, இன்னையோட சரி, இனிமே இந்த மைக்கைத் தொடமாட்டேன்."

ஒரு தப்பைச் செய்தால் நானெல்லாம் போர்வைக்குள் படுத்துக்கொண்டு வெட்கப்படுகிறவன். இவர் தன் வெட்கத்தைக் குழாய் கட்டி ஊருக்கே சொன்னார். பஸ்கள்கூட ஹாரன் அடிக்கவில்லை.

டீக்கடையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "கடைசியா ஒண்ணு வச்சாய்ங்களாமே! அதைச் சொல்லிட்டு வைங்கண்ணே!"

மாமா ஒரு முறை மூச்சை இழுத்தார். ஆரம்பித்தார். பத்து நொடி ஓட்டத்தைப் பத்து நிமிடம் சொன்னார். சொல்லச் சொல்ல மைதானம் நீண்டது, துரத்தி வந்தவர்கள் பெருகினார்கள். "பூபதி கோட்டைத் தாண்டிட்டான்! பந்தைக் கீழ வைக்கல! எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு! அப்பத்தான் நம்ம கம்ப்யூட்டர் சாரு எந்திரிச்சு ஒரு சத்தம் போட்டாரு பாருங்க! மலையே அதிந்துபோச்சு!"

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. அந்தப் பயணத்தில் அவர் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. அதையும் எனக்குக் கொடுத்துவிட்டார். எப்படிப் போனேன் என்று தெரியாது, போய் மைக்கைப் பிடுங்கினேன்.

"பொய்யிங்க! கத்துனது இவருதாங்க!"

குழாய் கிழிந்துவிடும்போல அலறியது. புளியமரத்தில் இருந்த காக்காயெல்லாம் கிளம்பிவிட்டன. மாமா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தீங்களா? இந்தச் சத்தந்தாங்க."

ஊர் சிரித்து அடங்க நேரமாயிற்று. மைக்கை அவரிடம் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தொடமாட்டேன்னு சொல்லிட்டேன் மாப்ள. மாரியாத்தா மேல சத்தியம்."

"நீங்க தொடவேணாம் மாமா. நான் புடிச்சுக்கிறேன். நீங்க பேசுங்க" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. வந்தபிறகு நானே திகைத்துப்போனேன்.

இந்தத் தையில் எல்லா ஜல்லிக்கட்டு மேடையிலும் என்னைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கான ஜனம் பார்க்க, கண்ணாடியெல்லாம் புழுதியாக, மாமா வாய்க்கு நேராக மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் நான்தான். என் மாணவர்கள் கீழே நின்று போட்டோ எடுக்கிறார்கள். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. நேற்று ஒரு மாட்டுக்கும் அடுத்த மாட்டுக்கும் நடுவில் மாமா என்னைத் திரும்பிப் பார்த்து, "கை வலிக்குதா மாப்ள?" என்றார். மைக் நேராகத்தான் இருந்தது, ஊரே கேட்டது.

"இல்ல மாமா, பேசுங்க" என்றேன். வலித்துக்கொண்டுதான் இருந்தது.